நன்றிப் பெட்டியில் போட்ட சீட்டு

2024 ஜூலை 2, செவ்வாய்

அம்மாவுக்கு ஐந்து மாதம். எனக்குப் பதினைந்து வயது! என் வகுப்பு ஷோபாவுக்குத் தெரிந்தால் பத்தாம் வகுப்பு முடியும்வரை சிரிப்பாள். எனக்கே சிரிப்பு வருகிறது, அடக்கினால் விக்கல் வருகிறது. அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

பயமும்தான். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் சபையே வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. "இந்த வாட்டி யாருகிட்டயும் மூச்சு வுடக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கே போனாலும் பெரிய சால்வை. வீட்டு ஜெபத்தில்கூட அப்பா இதைச் சொல்வதில்லை. யாருமே கேட்கவில்லை என்றால் ஆண்டவர் எப்படி—

ஜூலை 5, வெள்ளி

சிரில் பாஸ்டர் இன்று சொன்னார்: "கேட்டுட்டு, கிடைக்குமா கிடைக்காதான்னு முழிக்காதீங்க. கிடைச்சாச்சுன்னு நன்றி சொல்லுங்க."

சபை வாசலில் இரண்டு பெட்டி. ஒன்று விண்ணப்பம், ஒன்று நன்றி. நான் எழுதினேன்: "அம்மாவுக்குச் சுகமாகப் பாப்பா பிறந்ததற்கு ஸ்தோத்திரம். கரோலின், ஸ்கெலட்டன்." எங்கள் ஏரியா பெயரைப் போட்டால்தான் எந்தக் கரோலின் என்று தெரியும். நன்றி என்று எழுதியதை நன்றிப் பெட்டியில்தானே போட வேண்டும்? போட்டுவிட்டேன். காற்றில் நடப்பதுபோல் வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

நன்றிச் சீட்டுகளை மாதத்தின் முதல் ஞாயிறு சத்தமாக வாசிப்பார்கள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் தெரியவில்லை.

பாஸ்டர் என் சீட்டை வாசித்தார். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. பிறகு எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா சால்வைக்குள் கல்போல உட்கார்ந்திருந்தாள்.

எஸ்தர் ஆண்டி பின்வரிசையிலிருந்து, "இன்னா பியாட்ரிஸ், கொழந்தைய வீட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?"

பாஸ்டர் என்னைப் பார்த்து, "எப்பம்மா பொறந்துச்சு?"

"நவம்பர்ல" என்றேன்.

ஜூலையில் நின்றுகொண்டு நவம்பரில் பிறந்தது என்றேன். பாஸ்டர் சீட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வீட்டுக்கு வந்து அம்மா கதவைச் சாத்தியதும், "போச்சுடி. இதுவும் போச்சுன்னா மறுபடி எல்லாரும் வருவாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு—"

நான் இன்னா பண்ணிட்டேன். இன்னா பண்ணிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

வந்துவிட்டார்கள். இன்றைக்கே. எஸ்தர் ஆண்டியும் நான்கு பேரும், பழம், பால், பிறக்காத பிள்ளைக்கு ஒரு குல்லா. பக்கத்து வீட்டு சரோஜம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு எட்டிப் பார்த்து, "உங்க சாமி அட்வான்ஸ் புக்கிங்கெல்லாம் எடுப்பாராமே?" என்றார்.

அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. சால்வை கீழே கிடந்தது.

பிறகு முழங்காலிட்டார்கள். அம்மா முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்: "ஆண்டவரே, இது எனக்கு வேணும்." அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, புதன்

அம்மாவுக்குப் பிபி ஏறிவிட்டதாம். கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சொன்ன நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா? இல்லை. வாங்க மாட்டேன்.

அம்மாவிடம் கேட்டேன், என் சீட்டு பொய்யாகிவிட்டால்? "தெரியலடி. எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா அவர்கிட்ட சொல்லிட்டு பயப்படறது வேற. தூக்கமாவது வருது" என்றாள். திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டாள். நிஜமாகவே.

நவம்பர் 20, புதன்

மழை. ஒரு துணிகூடக் காயவில்லை. அப்பா எங்கள் மூன்று பேருக்கும் ஷிஃப்ட் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இன்று நைட் ஷிஃப்ட் எனக்கு. பாப்பாவுக்கு மூக்கு அப்பா மூக்கு, குரல் எஸ்தர் ஆண்டி குரல்.

ஆண்டவரே, இவளை நாலு மணி வரைக்குமாவது தூங்க வைங்க. நாளைக்குக் கன்னட டெஸ்ட்.

எழுந்துவிட்டாள். போகிறேன்.