பூரணி எப்படிப் போனா

முருகன் துணை

அட்டன்
12-8-1965

என் ஆசை மகன் முத்துலிங்கத்துக்கு, இந்த மலையில நானும் உங்கப்பாவும் முருகன் புண்ணியத்துல உசிரோட நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்க திருச்சியில நீயும் மருமக மீனம்மாவும் அவ வயித்துல இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டு எழுதுறேன். ஆடி பிறந்ததுலேருந்து மழை விடலை, லயத்து வீட்டுக் கூரைத் தகரம் ரெண்டு எடத்துல ஒழுகுது, விறகு காயவே மாட்டேங்குது. உங்கப்பாவுக்கு இருமல் கொஞ்சம் தேவலை. நம்மளைப் பத்தி ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டதுலேருந்து இங்க எல்லா வீட்டுலயும் ஒரே பேச்சுதான், இந்தியாவுக்கு எழுதிக் குடுக்கிறதா இங்கயே இருக்கக் கேக்கிறதான்னு. உங்கப்பா ஒரு நாள் போயிருவோம் மகன்கிட்டங்கிறாரு, மறுநாள் உன் தங்கச்சி பூரணியை இந்த மண்ணுல விட்டுட்டு எப்பிடிப் போறதுங்கிறாரு. அவளைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி. அவருக்குத் தெரியாமத்தான் எழுதுறேன்.

மீனம்மா எனக்கு எழுதியிருந்தா. அவளைக் கோவிச்சுக்காதே தம்பி, அவ பயந்துபோய் எழுதியிருக்கா. சித்திரையில நீ ஒம்பது நாள் தூங்காம இருந்ததையும், அச்சாபீஸ் முதலாளியோட சண்டை போட்டு வேலை வேணாம்னு எழுதிக் குடுத்ததையும், வீட்டுப் பாத்திரத்தை எல்லாம் தெருவுல போறவங்களுக்குக் கூப்பிட்டுக் குடுத்ததையும், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் போர்வையை விலக்காமப் படுத்திருந்ததையும் எழுதியிருக்கா. டாக்டர் குளுசை குடுத்து நீ எழுந்து வந்ததையும் எழுதியிருக்கா. முதலாளி நல்ல மனசோட திரும்பச் சேர்த்துக்கிட்டாராம். ஆனா குளுசை போட்டா விரல் மரத்துப் போகுது, அச்செழுத்துக் கோக்க முடியலை, நான் என்ன பைத்தியமான்னு கேட்டு எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டிட்டியாம். இப்ப நல்லாத்தான் இருக்காரு அத்தை, பாட்டுக்கூடப் பாடுறாரு, விடியுறதுக்கு முன்னாடியே எழுந்து வேலைக்குப் போறாருன்னு எழுதியிருக்கா. பாட்டுப் பாடுறாருங்கிற எடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

என் கை நடுங்குறது வாதம்னு உனக்குச் சொல்லி வச்சிருக்கோம். அது வாதம் இல்லை. பூரணி பிறந்து நாப்பது நாள்ல எனக்கும் இதே சீக்கு வந்துச்சு. நீ அப்ப லிந்துலையில பெரியப்பா வீட்டுல தங்கிப் படிச்சுக்கிட்டிருந்த. பிள்ளை பெத்த உடம்பு, அம்மாவைப் பாக்க வராதேன்னு உங்கப்பா சொல்லி அனுப்பினாரு. பூசாரி வந்து வேப்பிலை அடிச்சாரு, ஒண்ணும் நிக்கலை. கடைசியில தோட்டத்து மருந்து ஐயாதான் காயிதம் எழுதிக் குடுத்து கொழும்புல ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. அங்க தலையில கரண்டு வச்சாங்க, வெள்ளைக் குளுசை குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல வீட்டுக்கு வந்தேன். குளுசையை விடாதீங்கன்னு மருந்து ஐயா சொல்லிச் சொல்லிக் குடுத்தாரு.

ஆனா தம்பி, அந்தக் குளுசை எனக்கு என்ன பண்ணுச்சுங்கிறதையும் மறைக்கமாட்டேன். விரல் எல்லாம் கட்டை மாதிரி ஆயிருச்சு. ரெண்டு கையாலயும் தேயிலைக் கொழுந்து ஆஞ்சவ நான், இப்ப ஒரு கொழுந்தைப் பிடிக்கிறதுக்குள்ள பக்கத்து நிரைப் பொம்பளை மேல ஏறிப் போயிருவா. நிறை பத்தாம தினமும் அரைப்பேரு போட்டு அரை நாள் சம்பளம்தான் குடுத்தாங்க. வாயோரம் எச்சி வழியும், கங்காணி பாத்துட்டுத் திரும்பிக்குவாரு. பால் வத்திப் போச்சு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். பூரணி என்னைப் பாத்துச் சிரிச்சா எனக்குச் சிரிப்பு வராது. பிள்ளை சிரிக்குதுன்னு தெரியும், உள்ளுக்குள்ள ஒண்ணும் அசையாது. இப்பிடி ஒரு தாய் இருந்து என்னத்துக்குன்னு ரெண்டு வருசம் நெனச்சேன். அம்பத்தொம்பதாம் வருசம் வைகாசியில மிச்சம் இருந்த குளுசையை எல்லாம் லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணியில கரைச்சு விட்டேன்.

பத்து நாள் அப்பிடி ஒரு சந்தோசம். கை ஓடுச்சு. கூடை நிறைஞ்சுச்சு. பூரணியைத் தூக்கி வச்சுக்கிட்டு லயம் பூராச் சுத்தினேன், பாட்டுப் பாடினேன். உங்கப்பா என் முகத்தைப் பாத்து, பழைய ராக்காயி வந்துட்டான்னு சொல்லிக் கண் கலங்கினாரு. குளுசை எங்கேன்னு கேட்டாரு, தீர்ந்து போச்சுன்னேன், சரி விடு இப்ப எதுக்குன்னு அவரும் விட்டுட்டாரு. அவரைக் குத்தம் சொல்லலை. நல்லா இருக்கிறவளைப் பாத்து யாரு பயப்படுவாங்க?

இந்த நாட்டுப் பிரஜா உரிமை கேட்டு நாம போட்ட மனுவைத் தள்ளிட்டாங்கன்னு அப்பதான் காயிதம் வந்திருந்துச்சு. உங்கப்பா அதை மடிச்சுப் பெட்டியில வச்சுட்டாரு. எனக்கு மட்டும், நானே கொழும்புக்குப் போய்ப் பேசினா நமக்கு மட்டும் இல்லை, தோட்டத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் குடுத்துருவாங்கன்னு தோணுச்சு. தோணுச்சுன்னு இல்லை, குடுத்தே முடிச்சுட்டாங்க, நான் போய்க் கையில வாங்க வேண்டியதுதான்னு இருந்துச்சு. ஒரு நாள் காலையில பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் குடுக்கிறேன்னு கெளம்பி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா ஆயாகிட்ட விடாம இடுப்புல வச்சுக்கிட்டே ரயில் பாதையில எறங்கிட்டேன். கொழும்புப் பக்கமா நடந்தேன். நல்ல மழை. எனக்குக் குளிரே தெரியலை, உடம்பு நெருப்பாக் கொதிக்குது. வழியில ஒரு கெழவன் மரத்தடியில ஒதுங்கி நின்னான். பூரணி மேல போத்தியிருந்த கம்பளியை உருவி அவன்கிட்டக் குடுத்தேன். பிள்ளைக்கு வேணாமாம்மான்னு அவன் கேட்டான். எங்களுக்கு இனிமே எல்லாம் கெடைக்கும்னு சொன்னேன். அவன் குரல் இன்னைக்கும் காதுல கேக்குது தம்பி.

அவ முதல்ல அழுதா. அப்புறம் அழலை. அழாம இருக்கிறது நல்லதுன்னு நெனச்சு நான் பாடிக்கிட்டே நடந்தேன். வட்டவளையில கடை வச்சிருக்கிற ஹமீத் நானாதான் சாயங்காலம் ஸ்டேஷன்கிட்ட எங்களைப் பாத்தாரு. அவரு சம்சாரம் அசீசா பிள்ளையை என் கையிலேருந்து பிடுங்கி, ஈரத்தைக் கழட்டி, தன் நெஞ்சோட சேர்த்து வச்சுக்கிட்டா. பிள்ளை உதடெல்லாம் நீலமா இருக்குன்னு அவ கத்துனதுக்கு நான், அவளை விடு எனக்கு நேரமாச்சுன்னு சண்டை போட்டேன். நானா வாடகைக் கார் பிடிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்தாரு. நெஞ்சுல சளி கட்டி மூணாம் நாள் பூரணி போயிட்டா. நான் அப்பவும் கொழும்பைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தேனாம். எனக்குப் புத்தி தெளியறப்ப அவளைப் பொதைச்சு ஒரு மாசம் ஆயிருந்துச்சு. நீ திருச்சியிலேருந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. காய்ச்சல்ல போனான்னு உனக்குச் சொன்னோம். அவன் நாளைக்கு உன் முகத்துல முழிக்கணும், இதை அவன்கிட்டச் சொல்லாதேன்னு உங்கப்பா கேட்டுக்கிட்டாரு. ஆறு வருசமாச் சொல்லலை.

அதுக்கப்புறம் செவுத்தைப் பாத்துக் கெடந்தேன், சாகவும் பாத்தேன், உங்கப்பா விடலை. திரும்பக் குளுசை. இந்தத் தடவை மருந்து ஐயாகிட்டப் போய், விரல் ஓடலை, மனசு கல்லாக் கெடக்குதுன்னு வாய் விட்டுச் சொன்னேன். அதை அப்பவே சொல்லியிருக்கணும். அவரு டாக்டருக்கு எழுதிக் கேட்டு ஒரு குளுசையைக் குறைச்சாரு. கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பழைய ராக்காயி இனிமே வரமாட்டா. பிள்ளைக்காம்பராவுல பிள்ளைகளைப் பாத்துக்கிற வேலை கேட்டேன், பொம்பளைங்க வேணாம்னுட்டாங்க. அவங்க சொன்னது சரிதான். இப்ப புல்லு பிடுங்குறேன்.

என்கிட்டேருந்துதான் உனக்கு இது வந்திருக்கும்னு நெனைக்கிறப்ப, உன்னைப் பெத்திருக்கவே கூடாதோன்னுகூடத் தோணுது. குளுசை நல்லதுன்னு நான் சொல்லவே இல்லை. அது பாதி உசிரை எடுத்துக்கிட்டு மீதியைத்தான் குடுக்கும். நல்லா இருக்கோம்னு உனக்குத் தோணுறதை மட்டும் நம்பாதே. மீனம்மா சொல்றதை நம்பு. இந்தக் கடுதாசி கெடைச்ச மறுநாளே அவளைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போ, விரல் மரத்துப் போறதைச் சொல்லு, குறைக்க முடியுமான்னு கேளு, நீயா நிறுத்தாதே. மாசமா இருக்கிறவ, கொடம் தூக்க விடாதே. புரட்டாசிக்குள்ள பதில் போடு, உங்கப்பா கையில கெடைச்சாலும் பரவாயில்லை, நானே அவருகிட்டச் சொல்லிடுறேன்.

நீயும் மீனம்மாவும் வர்ற பிள்ளையும் நூறு வருசம் நல்லா இருக்கணும். இதைப் படிச்சுட்டு என் தங்கச்சியைக் கொன்னவ இவதான்னு உனக்குத் தோணும். தோணட்டும். இனிமே எனக்குக் கடுதாசி போடாட்டியும் போ, அம்மான்னு கூப்பிடாட்டியும் போ. அந்தக் கோவத்தோடயே குளுசையை வாயில போட்டு முழுங்கு ராசா.

இப்படிக்கு
உன்னைப் பெத்தவ
ராக்காயி