முகாமில் சுட்டது யார்

ஜனவரி 2, 2025, வியாழன்

செங்கல்பட்டுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது. இருபத்தோரு டிகிரி. ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்கள் எல்லாரும் குரங்குக் குல்லாவுக்குள் புகுந்துகொண்டு, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கடந்துபோகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. வருஷத்தில் பத்து நாளாவது யாரும் என்னை வழிமறித்து நலம் விசாரிப்பதில்லை.

சபையின் தம்பதியர் ஐக்கியம் இந்த வருஷச் சுற்றுலாவை முடிவு செய்துவிட்டது. போன வருஷம் கடப்பாக்கம் போய், இடிந்த கோட்டையில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டோம். இந்த வருஷம் திருவிடந்தை பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு. இரும்புத் தகடுகளை வரிசையாக நிறுத்தி ஏர் கன்னால் சுட விடுகிறார்களாம். எட்டு ஜோடி. பதினோராம் தேதி, சனிக்கிழமை.

யோசனை ஜெபசிங்குடையது. குழுவில் குரல் செய்தி போட்டிருந்தார்: "நம்ம ஜெபக்குமார் அண்ணாத்த எத்தினி வருசமா அந்த என்சிசி கதய சொல்லிகினு கீறாரு! ஒரு தபா கண்ணால பாத்துடலாம்ல?"

ஜெபக்குமார் என் கணவர். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவர் என்சிசியில் இருந்ததே இல்லை.

இருந்தது நான்.

ஜனவரி 3

உண்மைக் கதையை ஒருமுறையாவது எங்காவது எழுதி வைக்கிறேன். இவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அன்று மழை பெய்ததுபோல் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

1999 டிசம்பர். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. முகாமில் பெண்களுக்குத் துப்பாக்கி சுடும் நாள். வெயில். குப்புறப் படுத்து ஐந்து குண்டு சுட்டேன். ஹவில்தார் அட்டையைக் கொண்டுவந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அட்டைமேல் வைத்தார். ஐந்து ஓட்டையும் காசுக்கு அடியில் மறைந்துவிட்டன. நம்பவில்லை. வேறு அட்டை வைத்து மறுபடி சுடச் சொன்னார். சுட்டேன். மறுபடி காசை வைத்தார். மறைந்தது. காசைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். பதக்கம் இல்லை, கைத்தட்டல் இல்லை.

கல்யாணமான புதிதில் இவரிடம் சொன்னேன். ரசித்துக் கேட்டார். 2009-இல் தேவசகாயம் அண்ணனின் புதுவீட்டுப் பிரதிஷ்டை. சமையலறையிலிருந்து பஜ்ஜித் தட்டோடு வருகிறேன். கூடத்தில் இவர் குரல்: "மழ சோன்னு கொட்டுது. நான் சேத்துல படுத்துகினு கீறேன். அஞ்சு குண்டு..." என்னைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். கண்ணடித்தார்.

நான் சிரித்தேன். தட்டை நீட்டினேன்.

அதற்குப் பிறகு கதையில் ஹவில்தார் சல்யூட் அடித்தார். ஒரு பெரிய பாலிசிக்காரர் வீட்டுக்கு வந்த அன்று பிரிகேடியரே வந்து அடித்தார்.

ஜனவரி 6

துப்பாக்கிக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் போதகர் ஐயர் கேட்டுவிட்டாராம். ஐக்கியத்தின் செயலர் தேவசகாயம் அண்ணன் ஒரு இரவு முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்திருக்கிறார். ஆறு தகடு; ஆறு பாவம். பெருமை, பொறாமை, கோபம், சோம்பல், பேராசை, பொய். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதித் தகடுகளில் ஒட்டிவிடுவது. முதலில் ஜெபம், பிறகு தம்பதியர் பாவங்களைச் சுட்டு வீழ்த்துவது, பிறகு பிரியாணி.

ஐயர் அனுமதித்துவிட்டார். பாவத்துக்கு எதிராக யார் பேச முடியும்?

ஜனவரி 8

நூலகத்திலிருந்து திரும்பி வந்தபோது (கல்லூரியில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு, உடம்பெல்லாம் புத்தகத் தூசி) இவர் கூடத்தில் ஒட்டடைக் கம்பைத் தோளில் வைத்துக் காலண்டரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் கைபேசி, துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரனை ஓடவிட்டுக்கொண்டிருந்தது.

"ரெஜி, எந்தக் கண்ண மூடணும்?"

"இடது."

"தெரியும். உனக்கு ஞாபகம் கீதான்னு செக் பண்ணேன்."

நான் சாப்பாட்டுப் பாத்திரங்களின் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் பாடு அவருக்கு. நான் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை.

ஜனவரி 10

கை சுளுக்கிக்கொண்டதாகச் சொல்லிப் பார்க்கிறார். எந்தக் கை என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜனவரி 11, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு வேன். எல்லார் தலையிலும் மப்ளர், செல்லம்மா அக்கா காதில் பஞ்சு. திருவிடந்தையில் இறங்கினால் கடல்காற்று. மீன் ஏலம் முடிந்து திரும்புகிற பெண்கள் சாதாரணச் சேலையோடு எங்களை நோயாளிகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தோப்பில் துப்பாக்கிக்குப் பொறுப்பாளர் நீலமேகம். ஐம்பது வயதிருக்கும், கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இங்கே வந்தவர். இருபது தப்படி தூரத்தில் ஆறு தகடுகள். பட்டால் டங்கென்று பின்னால் சாயும்; கயிற்றை இழுத்தால் மறுபடி எழும். தேவசகாயம் அண்ணன் பசை டப்பாவோடு போய்ப் பாவங்களை ஒட்டியதைப் பார்த்தவர், "இன்னா சார், எலெக்‌ஷனா?" என்று கேட்டார்.

ஜெபம் முடிந்தது. ஆளுக்கு ஆறு குண்டு. தேவசகாயம் அண்ணன் சோம்பலை மட்டும் வீழ்த்தினார். ஜெபசிங் கோபத்தைக் குறிவைத்துப் பேராசையைச் சாய்த்தார். செல்லம்மா அக்கா பொறாமையை ஒரே குண்டில் கவிழ்த்துவிட்டு, யாரையோ பார்த்தார். யாரையென்று எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு சிலர் தாளைப் படித்துவிட்டு வேறு தகட்டைச் சுட ஆரம்பித்தார்கள். சில பாவங்களைச் சுட்டால் வீட்டில் சண்டை வரும்.

கடைசியாக இவர். கூட்டம் தானாக அரைவட்டமாக நின்றது. ஜெபசிங் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். "வுடு அண்ணாத்த! பிரிகேடியர் பாத்துகினு கீறாரு!"

முதல் குண்டு. சத்தமில்லை. இரண்டாவது சவுக்கு மரத்தில். மூன்றாவது எங்கே போனது என்று கர்த்தருக்குத்தான் தெரியும். ஆறும் முடிந்தபோது சபையின் ஆறு பாவங்களும் பத்திரமாக நின்றன.

"துப்பாக்கி சரியில்ல," என்றார் இவர். "குறி வெலகிக் கீது."

நீலமேகத்துக்கு முகம் மாறியது. "சார், சொம்மா துப்பாக்கி மேல போடாத. காலீலேந்து இத்தினி பேரு சுட்டாங்க. யாராச்சும் கொற சொன்னாங்களா?"

"எனக்குத் தெரியாதா? நான் சுட்டது பாயின்ட் டூ டூ ரைபிள்!"

"அப்ப இன்னொரு ஆளு சுடட்டும். துப்பாக்கியா சாரான்னு தெரிஞ்சிடும்." சுற்றிப் பார்த்தார். பிரியாணிப் பாத்திரத்தோடு நின்றது நான். "யம்மா, நீ இன்னும் சுடல இல்ல? வா."

இவர் என்னைப் பார்த்தார். பஜ்ஜித் தட்டு நாள் பார்த்த அதே பார்வை. கண்ணடிக்கவில்லை.

சத்தியமாக, அவரைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். நானும் ஆறையும் தவறவிட்டால் துப்பாக்கிமேல் பழி விழும், எல்லாரும் சாப்பிடப் போவோம். முழங்கையை மேஜையில் ஊன்றினேன். துப்பாக்கிக் கட்டை கன்னத்தில் பட்டதும் உள்ளே ஏதோ அடங்கியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். பெருமைக்கும் பொறாமைக்கும் நடுவில், மணலில் கிடந்த ஒரு சிப்பியைப் பார்த்துச் சுட்டேன். சிப்பி தெறித்தது.

"அய்யோ, போச்சே," என்றார்கள்.

நீலமேகம் குழலை மடித்து அடுத்த குண்டைப் போட்டபடி, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார்: "நீ சிப்பியத்தானே சுட்ட? எதுக்கு? தகடு இன்னா பண்ணுச்சு ஒன்ன?"

அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு மனிதர் பார்த்துவிட்டார். பதினைந்து வருஷமாக யாரும் பார்க்காததை. மிச்சமிருந்த ஐந்து குண்டுகளுக்கு ஐந்து தகடுகள். டங், டங், டங், டங், டங். நடுவில் யோசிக்கவே இல்லை. ஒரு தகடு மிச்சம், குண்டில்லை. எது என்று நான் படிக்கவில்லை; தேவசகாயம் அண்ணன் பிறகு வருத்தத்தோடு சொன்னார், பேராசையாம்.

சவுக்குக் காற்றுதான் கேட்டது. அப்போது என் கணவர் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்:

"பாத்தீங்களா! நான்தான் கத்துக் குடுத்தேன்!"

எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

பிரியாணியில் உப்பு இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் ஏழு பேர் என்னிடம் சொன்னார்கள், அவர் எவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று. எட்டாவது ஆள் ஐயரம்மா.

ஜனவரி 13, திங்கள்

போகிப் புகையில் தெருவே தெரியவில்லை. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுச் சண்டை போட்டோம். வசதியாக இருந்தது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. கதைய எடுத்தீங்க சரி, கையையுமா எடுப்பீங்க, என்று கேட்டேன். நான் படுத்தேன், நான் சுட்டேன், அந்தாளு காசு வச்சது என் அட்டைமேல. நீங்க அப்ப எங்க இருந்தீங்க? பதினொண்ணாம் வகுப்பு கணக்க ரெண்டாந்தபா எழுதிகினு இருந்தீங்க!

(அது பன்னிரண்டாம் வகுப்பு. இவர் திருத்தவில்லை.)

பிறகு கேட்டார்: "நீ ஏன் ஒரு தபாகூட நிறுத்தல?"

"உங்க மானம் போயிடுமேன்னுதான்."

"பொய். நான் சொல்லச் சொல்ல நீ பாத்துகினே இருப்ப. வாயோரமா ஒரு சிரிப்பு சிரிப்ப. அது எனக்குத் தெரியாதா? மொத தபா வெளையாட்டாதான் சொன்னேன் ரெஜி. நீ தட்ட நீட்டிட்டுப் போயிட்ட. அப்புறம் எப்டி வாபஸ் வாங்குறது?"

ஜன்னலைத் திறந்தேன். புகை உள்ளே வந்தது. இருமலில் சண்டை முடிந்தது.

ஜனவரி 15

வேலைக்கு விடுமுறை. பொங்கல் வைத்த பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கிண்ணங்களைக் கழுவி அடுக்கினேன். யோசித்தேன்.

நிறுத்தியிருக்கலாம். பஜ்ஜித் தட்டோடு நின்ற இடத்திலேயே, "அது நானுங்க" என்று இரண்டு வார்த்தை. எல்லாரும் சிரித்திருப்பார்கள், அவரும்தான். ஏன் சொல்லவில்லை? பெரிய மனசா? ஒரு மண்ணும் இல்லை. அவர் என் பிறந்தநாளை மறந்தபோது, என் அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் கழித்து வந்தபோது, பாலிசிக்காரர் முன்னால் "இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னபோது - ஒவ்வொரு முறையும் எனக்குள் நான் சொல்லிக்கொண்டது: நீ ஒரு பொய்யன், என்னிடம் சாட்சி இருக்கிறது. அது கையில் இருக்கும்வரை நான் எதற்கும் சண்டை போடவே வேண்டியதில்லை. மேலே உட்கார்ந்து பார்த்தால் போதும்.

அவர் கதையைத் திருடினார். நான் அந்தத் திருட்டைச் சேர்த்து வைத்தேன். யார் அதிகம் சம்பாதித்தது?

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை.

ஜனவரி 18

ஐக்கியக் கூட்டம் நாளை. சுற்றுலாவுக்குப் பிறகு ஒரு ஜோடி சாட்சி சொல்வது வழக்கம். எங்களைத்தான் கேட்டிருக்கிறார்கள். தலைப்பு: "மனைவிக்குக் கற்றுக்கொடுக்கும் கணவன்." தேவசகாயம் அண்ணன் பேனர் அடிக்காதது ஒன்றுதான் மிச்சம்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த முறை என் வாயோரத்தில் எதுவும் இல்லை, பயம் மட்டும்தான். அவர் அங்கேயும் அதையே சொன்னால் எழுந்து மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால் இனி எனக்கு ஒரு நியாயமும் கிடையாது.

ஜனவரி 19, ஞாயிறு

பாட்டு முடிந்ததும் தேவசகாயம் அண்ணன் அழைத்தார். இவர் எழுந்தார். வழக்கமாகக் கையைத் தேய்த்துக்கொள்வார். இன்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் முழங்கால்கள் தயாராக, விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

"நான் கத்துக் குடுக்கல," என்றார். "அந்த கேம்ப் கதையும் என்னுது இல்ல. அவங்களுது. நான் என்சிசியிலயே இல்ல. அவங்களே சொல்லட்டும்."

உட்கார்ந்துவிட்டார். "அப்ப பிரிகேடியரு?" என்றார் ஜெபசிங் பரிதாபமாக.

நான் எழுந்தேன். சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெயில், ஐந்து குண்டு, காசு, மறுபடி ஐந்து குண்டு, காசு. யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் இருமினார்.

செல்லம்மா அக்கா கேட்டார்: "அப்ப மழ பேயலியா?"

"இல்லக்கா."

"சேறு?"

"இல்ல."

"சல்யூட்டாவது அடிச்சாரா?"

"காசை எடுத்துகினு போயிட்டாருக்கா."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. பதினைந்து வருஷமாக அவர்களை ஏமாற்றியது நான்தான் என்பதுபோல் எல்லாரும் பார்த்தார்கள். டீ கொடுக்கும்போது ஜெபசிங் இவர் தோளில் கையைப் போட்டு, "பரவால்ல அண்ணாத்த, நீ சொன்னாதான் நல்லா கீது," என்றார். இவர் கையை எடுத்துவிட்டார்.

வண்டியில் வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. தாம்பரம் போகும் மின்ரயிலுக்காகக் காத்திருந்தோம். திரும்பாமலே சொன்னார்: "காச வெக்கிற எடத்துல கொஞ்சம் நிறுத்தணும். நீ பஸ் டைம் சொல்ற மாரி சொல்லிட்ட."

கோபம் வந்தது. நியாயமான கோபம். ஆனால் அவர் சொன்னது உண்மை. சிரித்துவிட்டேன், வாய்விட்டு, முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க," என்றேன்.

ஜனவரி 22, புதன்

காலையில் எதிர்வீட்டு சந்திரம்மா அக்கா கதவைத் தட்டினார். கையில் காபி டம்ளர்.

"இன்னாம்மே ரெஜினா, சுட்டது நீதானாமே? ஒன் வூட்டுக்காரரு தெருமுனைல நின்னு எல்லாராண்டயும் சொல்லிகினு கீறாரு. கதய சொல்லுயான்னா சொல்ல மாட்டன்றாரு. 'அது என்னுது இல்ல, அவளத்தான் கேக்கணும்'ன்றாரு. இன்னா கத அது?"

அடுப்பைச் சிறிதாக்கினேன். கல்லூரிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

"உள்ள வந்து உக்காருங்கக்கா," என்றேன். "சொல்றேன்."