பூசணி முளைக்காத குழி

செவ்வாய் இரவு. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

காவிரிக் கலவரம் நடந்த வருஷம், பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு பெயிண்ட் கம்பெனிக்குள் குழி வெட்டி விஷ டிரம்களை மூன்று பேர் புதைத்தார்கள். நான் அங்கே வாட்ச்மேன். அடுத்த ஆயுதபூஜைக்கு உடைத்த பூசணி காம்பவுண்டு முழுக்க முளைத்தது. அந்தக் குழிமேல் மட்டும் முளைக்கவில்லை. அந்த மொட்டைத் தரை தூக்கத்திலும் வருகிறது.

இப்போது எல்லாம் சிமெண்ட் தளம். இடம் எனக்குப் பிடிபடவில்லை.

மண்ணைச் சோதித்துச் சான்று தர வந்த இன்ஜினியரம்மா இன்று சொன்னார்: "தாத்தா, நான் எடுத்த மண்ணு சுத்தமா இருக்கு. புதைச்ச ஆளு வந்து காட்டலைன்னா இங்க வீடு கட்டலாம்னு கையெழுத்து போட்டுத்தான் ஆகணும். அப்புறம் வீடு கட்டி, போர்வெல் போட்டுக் குடிப்பாங்க. யாரு உசுரோட இருக்காங்க?"

புதைத்த மூன்று பேரில் ராஜு செத்துப்போனான். அந்தோணியும் போய்விட்டான். மிச்சம், நேற்று என்னையே "யாருய்யா நீ?" என்று கேட்ட என் தம்பி தாஸ்.