டவரடி மாப்பிள்ளைகள்

10 ஜூன் 2008, செவ்வாய். பாயாகும்பு, சுமத்ரா

புது செல்போன் டவருக்கு இன்று மின்சாரம் வந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோருக்கும் என் செலவில் முட்டைத் தேநீர். எல்லோரும் என்றால் கணக்குப் பார்க்கும் அஸ்னிதார், பொறியாளர் யுஸ்ரால், அப்புறம் நான். சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே ரெண்டாங் கறி கொதித்தால் மேலே ஒப்பந்தத் தாளெல்லாம் மசாலா மணக்கிறது. இருந்தாலும் கம்பெனி கம்பெனிதானே. கதவில் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று: நொஃப்ரிசால், இயக்குநர்.

இந்த ஊரில் ஆம்பளைக்கு வேறென்ன இருக்கிறது? பிறந்த வீடு தங்கச்சிக்கு. வாழ வந்த வீடு பெண்டாட்டிக்கு. வயல், மீன்குளம், தென்னை எல்லாம் அம்மா வழியில் மகளுக்கே போகும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மாமியார் வீட்டில் நான் முன்கூடத்து ஆசாமிதான். டவர் மட்டும்தான் என்னுடையது. அதனால்தான் அவ்வளவு உயரமாகக் கட்டுகிறேனோ என்னவோ.

17 ஜூன்

போன் கம்பெனியிலிருந்து விபோவோ வந்தார். ஜாவாக்காரர், குரலே வெளியில் வராது. கத்தியைக்கூட அவர் சிரித்துக்கொண்டுதான் செருகுவார். பெருநாளுக்கு வெளியூர் போனவர்கள் மொத்தமாக ஊர் திரும்பும்போது மலைக்கு அந்தப் பக்கம் சிக்னலே கிடைப்பதில்லையாம். பெருநாளுக்கு முன்னால் மலை உச்சியில் ஒரு டவர் நின்றால் மாவட்டத்தில் மிச்சமுள்ள டவர் எல்லாம் நமக்கு. நிற்காவிட்டால் எல்லாம் நமக்குப் போட்டியாக நிற்கிற மேடான் நகரத்துக் கம்பெனிக்கு. நம் டவர்களில் இப்போது இருக்கிற ஆன்டெனாக்களையும் கழற்றி அங்கே கொண்டுபோய்விடுவார்களாம். அதாவது நான் கடையை மூட வேண்டியதுதான். இதைச் சொல்லிவிட்டு ரெண்டாங் நன்றாயிருக்கிறது என்றார்.

எந்த மலை? மாமியார் வீட்டு மலையேதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஏன் அலைய வேண்டும்?

22 ஜூன்

மாமனார் சுத்தான் மராஜோ, எங்கள் அபாக், கையெழுத்துப் போட்டுவிட்டார்! நாற்பது வருஷமாக அந்த மலையில் கொக்கோ வளர்க்கிறவர். ஊரில் எல்லோரும் அதை ‘சுத்தான் மலை’ என்றுதான் சொல்வார்கள்.

தாளில் ‘நிலத்தின் உரிமையாளர்’ என்று அச்சடித்திருந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

“இங்கயா போடணும்?”

“ஆமா அபாக்.”

“இந்தப் பேனா வேணாம். நல்ல பேனாவா குடு.”

சட்டப்படி பார்த்தால் மாமியாரின் அண்ணன், குடும்பத் தலைவர் டத்துக் பாடுகோவின் சம்மதமும் வேண்டும். மலை அந்த வம்சத்துப் பெண்களுடையது, அவர்கள் சார்பில் பேசுகிறவர் அவர். அதையெல்லாம் அபாக் முன்பே கேட்டிருப்பார். கேட்காமலா இவ்வளவு நிதானமாகப் போடுவார்?

5 ஜூலை

அஸ்திவாரம் போட்டாயிற்று. டவர் சாய்ந்தால் எதுவரை விழுமோ அதுவரை உள்ள வீட்டுக்காரர்களின் சம்மதமும் வாங்க வேண்டும். உச்சியில் ஒரே ஒரு வீடு. அந்தம்மா யுஸ்ராலிடம் கேட்டாளாம்: “விழாதுங்கறீங்க. அப்புறம் எதுக்கு என் கையெழுத்து?”

இந்த மகாராசன் என்ன சொல்லியிருக்கிறான்? “விழவே விழாதுக்கா. ஆனா விழுந்தா உங்க வீட்டு மேலதான்.”

நான் போய் ஒரு மணி நேரம் பேசி, கோழி முட்டை போடாவிட்டால் அதற்கும் நான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு வந்தேன். படித்தவனை வேலைக்கு வைத்தால் இதுதான்.

15 ஆகஸ்ட், வெள்ளி

தொலைந்தேன்.

ஜும்மா தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். டத்துக் பாடுகோ கண்ணுக்குமேல் கையை வைத்து மலையைப் பார்த்தார். பாதி எழும்பிய டவர் வெயிலில் பளபளவென்று நிற்கிறது.

“அது என்ன, எங்க மலையில?”

அபாக் குனிந்து செருப்பைத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். காலில்தான் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்: “நீங்க அவர்கிட்ட கேக்கலையா?”

“நீ கேட்டிருப்பேன்னு நெனச்சேன். நீதான படிச்சவன், கம்பெனி வச்சிருக்கவன்.”

“நான் நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்!”

“நான் எப்படிப்பா கேப்பேன்? நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளை.”

“நானும் மாப்பிள்ளைதான் அபாக்!”

இரண்டு பேரும் நடுரோட்டில் நின்றுவிட்டோம். இரண்டு வீட்டோட மாப்பிள்ளைகள் சேர்ந்து, தங்களுடையதில்லாத மலையில் டவர் கட்டியிருக்கிறோம். இதைக் கேட்டால் காப்பிக்கடையில் ஒரு மாசத்துக்குச் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

16 ஆகஸ்ட்

டத்துக் மலைப் பாதையில் குறுக்கே மூங்கில் கட்டிவிட்டார். வேலை நின்றுபோயிற்று.

வீட்டில் மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புதுப்பாய் விரித்தார். கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். காப்பியைத் தட்டின் மேல் வைத்து நீட்டினார்.

“சாப்பிடுங்க மாப்பிள்ளை, கூச்சப்படாம சாப்பிடுங்க. ஊர்ல எல்லாரும் சௌக்கியமா? எப்போ கிளம்பறதா உத்தேசம்?”

எந்த ஊருக்குக் கிளம்புவது? எதிரே அபாக்குக்கும் அதே புதுப்பாய், அதே கிண்ணம். கட்டிக்கொண்ட பெண்டாட்டி அவரிடம் “இன்னும் கொஞ்சம் குழம்பு போட்டுக்கறீங்களா?” என்று மூன்றாம் மனுஷி மாதிரி கேட்கிறார். அவர் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று சொல்லிக்கொண்டார்.

குஸ்நெத்தி, என் மனைவி, சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இங்கே அண்ணனும் ‘உடா’தான், புருஷனும் ‘உடா’தான். “எங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க மீசை உதிர்ந்துடுமா உடா?” என்கிறாள். எனக்கு மீசையே கிடையாது.

24 ஆகஸ்ட்

வெற்றிலைத் தட்டோடு டத்துக் வீட்டுக்குப் போனேன். தட்டைத் தொடவே இல்லை.

“இது மாப்பிள்ளைமார் வந்து பேசுற விஷயமில்ல. நோன்பு பதினாலாம் நாள் குடும்பம் கூடும். சுத்தான் எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, மலை யாருதுன்னு தன் வாயால சொல்லட்டும். டவரையும் கழட்டிடுங்க.”

டவர் போனால் நான் போனேன், சரி. ஆனால் அந்த மனுஷன்? நாற்பது வருஷம் உழைத்த மலை. பேரப்பிள்ளைகள் முன்னால் நின்று அது தன்னுடையதில்லை என்று சொல்ல வேண்டுமாம்.

3 செப்டம்பர்

நோன்பு. விபோவோ தினமும் போன் செய்து ‘சும்மா விசாரிக்கத்தான்’ என்கிறார். அபாக் நோன்பு திறக்கக்கூட வீட்டுக்கு வருவதில்லை, பள்ளிவாசலிலேயே இருந்துவிடுகிறார். மாமியார் அவருக்கும் சேர்த்துத்தான் சோறு வடிக்கிறார். அப்புறம் அதை மூடி வைத்துவிட்டு எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார்.

7 செப்டம்பர்

காலையில் தங்கை தெஸ்மாவாத்தி போன். “உடா, நம்ம வயக்காட்டு ஓரத்துல எவனோ கல்லு நட்டிருக்கான். மேடான் கம்பெனியாம். டவர் வருதாம். இவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு!”

இவரு என்றால் அவள் புருஷன் சுல்ஹெந்திரி. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் நான்! எங்கள் வம்சத்துப் பெண்கள் சார்பில் பேச வேண்டியவன் நான்! அதுவும் மேடான் கம்பெனிக்கு! பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக்கூடாது என்பதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது?

“யாரைக் கேட்டுடா போட்ட? உன் அப்பன் வீட்டு நிலமா அது? நீ யாரு இங்க? வந்து தங்கின விருந்தாளி!”

கத்திவிட்டேன். தங்கை பிள்ளைகள் கதவிடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுல்ஹெந்திரி பரம சாது. நின்ற இடத்திலேயே நின்றான். “தெரியும் உடா. எனக்குத் தெரியாதா? அந்தாளு வந்து, ‘ஐயா, நீங்கதானே நிலத்துக்காரர்?’ன்னு கேட்டான். இருபது வருஷமா அந்த வரப்புல நிக்கிறேன், ஒருத்தன் என்னை அப்படிக் கேட்டதில்ல. ‘ஐயா’ங்கறான் உடா. கை தானா போட்டுடுச்சு.”

திரும்பி வந்துவிட்டேன். நல்ல பேனா கேட்டு வாங்கிய மனுஷனின் முகம்தான் வழியெல்லாம் கண்ணில் நின்றது. நான் என்ன டத்துக் பாடுகோவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்? நான் அவரைவிட மோசம். அவராவது கத்தவில்லை.

8 செப்டம்பர்

ஊராட்சி அலுவலகம். மேடான் கம்பெனி ஆள் கோட்டு சூட்டில் வேர்த்து வழிகிறான். தங்கை, சித்தி பெண்கள், பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். சுல்ஹெந்திரி மூலையில் சுவரோடு சுவராக நின்றான். அவன் கையெழுத்து செல்லாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரி கம்பெனி ஊரைவிட்டே ஓடும்.

“என்னைக் கேட்டுட்டுத்தான் போட்டாரு,” என்றேன். “நான்தான் போடச் சொன்னேன்.”

யுஸ்ரால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “பாஸ், உங்களுக்குப் புத்தி ஏதாவது... நமக்கு எதிரா டவர் கட்டப் போறாங்க பாஸ்!”

“பசிக்குது, பேசாம இரு,” என்றேன்.

சுல்ஹெந்திரி என்னைப் பார்த்தான். அவ்வளவுதான். சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, வந்திருந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தான்.

என்ன பைத்தியக்காரத்தனம் செய்தேன்? மலை டவரும் போகப்போகிறது. கதவிலிருந்து பெயர்ப்பலகையை நானே கழற்றி வைத்துவிடலாம், ஸ்க்ரூவாவது மிஞ்சும்.

14 செப்டம்பர், ஞாயிறு

குடும்பக் கூட்டம். கூடம் நிறைய ஆட்கள். அபாக் சலவைச் சட்டை போட்டு, தூக்குக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டத்துக் முதலில் என் பக்கம் திரும்பினார். “உங்க வம்சத்து நிலத்தை உன் எதிரிக்கே தூக்கிக் குடுத்தியாமே. என்னா, வெயில்ல சுத்தி மண்டை கொழம்பிப்போச்சா?”

“இல்ல டத்துக். மச்சான் மானம் போயிருக்கும்.”

அவர் தாடியைத் தடவினார். அப்புறம் அபாக்கைப் பார்த்தார்.

“சுத்தான்.”

அபாக் எழுந்து நின்றார்.

“உக்காருப்பா. நான் சொல்லித்தானே நீ கையெழுத்துப் போட்ட?”

அபாக்குக்குப் புரியவில்லை. இது ஏதோ பொறி என்று நினைத்துவிட்டார். என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். நேர்மையான மனுஷன் வேறு. “இல்லியே, நீங்க எங்கிட்ட எப்போ...” என்று ஆரம்பித்தே விட்டார்!

உள்ளேயிருந்து மாமியார் போட்ட சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. “இந்தாளுக்கு மறதி! அண்ணன் சொன்னப்போ நானும்தானே பக்கத்துல இருந்தேன்! ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்!”

“ஆமா,” என்றார் அபாக்.

“அப்புறம் என்ன? வாடகை மட்டும் என் தங்கச்சி, அவ மகளுங்க பேர்ல வரணும். மூங்கிலை எவன் கட்டினான்? போய் அவுத்து விடுங்கடா,” என்றார் டத்துக், தான் கட்டியதே இல்லை என்பது போல.

மாமியார் அன்று நோன்பு திறக்க எனக்குப் பழைய பாயில்தான் இடம் போட்டார். காப்பிக்குத் தட்டும் இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் மிளகாய் என்றுதான் சொன்னேன்.

27 செப்டம்பர்

சிக்னல் வந்துவிட்டது. விபோவோ முதன்முறையாகச் சத்தமாகப் பேசினார்.

1 அக்டோபர். பெருநாள்

ஜகார்த்தா, பத்தாம் தீவு, மலேசியா என்று போனவர்களெல்லாம் வந்து குவிந்து, பக்கத்துப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசுகிறார்கள். பேசட்டும், பேசட்டும்.

21 பிப்ரவரி 2009

மாவட்டம் முழுக்க வேலை நடக்கிறது. அலுவலகத்துக்குத் தனிக் கட்டடம் பிடித்தாயிற்று. அஸ்னிதாருக்குக் கீழே இப்போது நான்கு பேர், அவள் என்னையே அதட்டுகிறாள். மேடான் கம்பெனி நம் டவர்களிலும் இடம் கேட்டிருக்கிறது. யுஸ்ராலுக்குப் பெருமை தாங்கவில்லை.

டவருக்கு ஒரு காவலாள் போடலாம் என்று வாய்தவறிச் சொன்னேன். விளம்பரமே கொடுக்கவில்லை. காப்பிக்கடையில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். எல்லோரும் வீட்டோட மாப்பிள்ளைகள். சம்பளம் எவ்வளவு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டவரடியில் கொட்டகை உண்டா, அதற்குச் சாவி உண்டா என்றுதான் கேட்டார்கள். மேடான் டவருக்குக் காவல் சுல்ஹெந்திரி. மலைக்கு யார் என்று சொல்லவே வேண்டாம்.

இன்று மத்தியானம் மலைக்குப் போயிருந்தேன். கொட்டகையில் கம்பெனித் தொப்பியோடு அபாக், சுல்ஹெந்திரி, அக்கம்பக்கத்து மாப்பிள்ளைகள். டோமினோ ஆட்டம் சூடாக நடக்கிறது. எனக்கு மாமியாரிடமிருந்து போன்.

“மாப்பிள்ளை, உங்க மாமனார் அங்கயா இருக்காரு? சோறு ஆறிப்போகுது. கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேங்கறாரு.”

அபாக் கையிலிருந்த கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், “டூட்டியில இருக்கேன்னு சொல்லு,” என்றார்.

“டூட்டியில இருக்காராம் அமாக்.”

சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

“அப்படியா? அப்போ அங்கயே குடுத்தனுப்பறேன். எத்தனை பேரு இருக்கீங்க?”