இரண்டால் வகுத்த அண்ணன்

ஆகஸ்ட் 16, ஞாயிறு

போன வாரம் அண்ணன் என் கணக்குப் பேப்பரைத் தன் ஆராய்ச்சி நண்பர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரிக்க வைத்தான். இன்று மாலை அதே நண்பர்கள் முன்னால் செமினாருக்கு ஒத்திகை பார்த்தான். களம் என்று அவர்கள் சொல்லும் எந்த எண் தொகுதியிலும் செல்லுபடியாகும்படி, ஸ்பின் அமைப்பு என்ற ஏதோ கணித விஷயத்தை வரையறுத்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டே, பலகையில் மூன்றாம் வரியில் இரண்டால் வகுத்தான். நான் காப்பித் தட்டோடு நின்றேன்.

“அண்ணா, ஒண்ணும் ஒண்ணும் கூட்டினா பூஜ்யமாகுற களமும் உண்டுன்னு நீதானே சொன்னே? அங்க ரெண்டே பூஜ்யம்தானே, எப்படி ரெண்டால வகுப்பே?”

அவன் மலையாளி நண்பன் பிஜு, நான் சொன்னது சரிதான் என்று சிரித்தான். “எடா, குட்டி பறஞ்ஞது சரியாணல்லோ.”

ஸ்பின் அண்ணனுடையது, சுற்றியதும் அவன் தலைதான். பலகையை அழித்தவன் சாப்பிடக்கூட வரவில்லை. சற்றுமுன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“வேற தப்பு ஏதாவது கண்ணில பட்டுதா?”

“எனக்கென்ன தெரியும்? நான் முட்டை மார்க்குக்காரி. நீதானே வாசிச்சே.”

அவன் வருவதற்கு முன்பே அவன் நோட்டை முழுதும் துருவிவிட்டேன். பன்னிரண்டாம் பக்கத்திலும் இரண்டால் வகுத்திருக்கிறான். செமினார் புதன்கிழமை. அதற்குள் பிஜு முன்னால் அவன் மன்னிப்புக் கேட்கட்டும், சொல்கிறேன். கேட்காவிட்டால் அன்றைக்கு நான் கேட்பேன், கடைசி பெஞ்சிலிருந்து.