வலப்பக்க விளக்கு

2009 ஓகஸ்ட் 14, வெள்ளி

காரின் முன்விளக்குகள் இரண்டும் பழுத்து மஞ்சளாகிவிட்டன. வலப்பக்கம் மிக மோசம். பன்னிரண்டு வருடமாக என் செய்திகளுக்குப் படம் எடுக்கிற ரவி, தானே துலக்கித் தருவதாகச் சொல்லிப் பின்னேரம் வந்தான்.

"அண்ணன், உங்கட காருக்குக் கண்ணில புரை. ஒப்பரேசன் செய்வம்" என்றான். சிரித்தேன்.

நனைத்த சாண்ட் பேப்பரால் வலப்பக்கத்தைத் தேய்த்தான். முதலில் பால் போல வெளிறியது. பிறகு பற்பசை வைத்துப் பழந்துணியால் துலக்கத் துலக்க உள்ளே பல்பு தெரிந்தது.

"இதப் பாத்துத்தானே அண்டைக்கு வெல்லாவெளிச் சந்தியில உங்கள மறிச்சவங்க. இனி ஆருக்கும் அடையாளம் தெரியா."

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தச் சந்தியில் துவக்கு ஏந்தி நின்றவர்கள் என் குறிப்பேட்டைப் பறித்தார்கள். அது ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவன் இலக்கத் தகட்டைப் பார்க்காமல், குனிந்து விளக்கைத் தடவி, "மஞ்சள் லைட். இதுதான்" என்றதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் இல்லை. குறிப்பேட்டில் பெயர் இருந்த பழுகாமத்து விவசாயி இன்னும் வீடு திரும்பவில்லை.

ரவியின் கை ஒரு கணம் நின்றது. "கழுவ வேணும், தண்ணி ஊத்துங்க அண்ணன்" என்றான். ஊற்றினேன்.

யாரிடம் சொன்னாய், பயமுறுத்தினார்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.

இருட்டிவிட்டது, மற்றதை நாளை செய்வோம் என்றான். மனைவி அவனுக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் இருந்து நானும் சாப்பிட்டேன்.