அடித்தட்டில் வெந்த மூன்று

பிப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

நான் வாய்மூடி இருந்தது போதும். மனைவியின் தம்பி, அதற்கு மேல் என் அதிகாரி என்று இத்தனை நாள் பொறுத்தேன்.

ராக்கெட் எஞ்சினின் உள்ளுறைக்கான பீங்கானில் உன் குழுவிலிருந்து முப்பது பட்டைகள் சோதிக்கத் தந்தீர்கள். ஒவ்வொன்றையும் நூறு முறை சூடேற்றி ஆறவைத்து, இரண்டு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் அழுத்தி உடைத்தேன். இருபத்தேழு நன்றாகத் தாங்கின. மூன்று பாதிச் சுமையிலேயே போய்விட்டன. உன் அறிக்கையில் அந்த மூன்றும் இல்லை. ‘பட்டையை வைத்தவரின் கைப்பிழை’ என்று அடிக்குறிப்பு இருக்கிறது. வைத்தவன் நான். இருபத்திரண்டு வருஷமாக வைக்கிறேன்.

கோணலாக வைத்திருந்தால் ஓரத்தில் உடைந்திருக்கும். இவை நட்டநடுவில் உடைந்தன. மூன்றும் சூளையின் அடித்தட்டில் வெந்தவை. எஞ்சினில் பொருத்தியிருக்கும் உள்ளுறையும் அன்றைக்கு அதே தட்டில்தான் வெந்தது. இருபதாம் தேதி எஞ்சினைச் சோதனைக்கு எரியவிடும்போது அடுத்த அறையில் ஆறு பேர் இருப்பார்கள்.

உன் அக்காவுக்கு முட்டிவலி. மற்றபடி நலம்.

இப்படிக்கு,
அத்தான்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். கடிதம் கண்டேன். அக்காவும் போனில் புலம்பினாள். “உங்க அத்தான் சோத்தைப் பாக்கறதில்லடா, தட்டுப் பக்கத்துல வெச்சிருக்கற உடைஞ்ச துண்டைத்தான் பாக்கறார்” என்றாள்.

குழுவில் உங்கள் பேச்சை எடுத்தேன். “யாரு, உங்க அக்கா வீட்டுக்காரரா? நாற்காலி கிடைக்காத கடுப்பு இன்னும் ஆறலையா?” என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு நான் என்ன பேச? அந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை அத்தான். ஐந்து வருஷமாகியும் நீங்கள் நம்பவில்லை.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்

பிப்ரவரி 13

அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. கடுப்பு உண்டு. நீ கேட்டு வாங்கவில்லை என்பதை இன்றும் நான் நம்பவில்லை. அதைச் சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது.

இத்துடன் ஆறு துண்டுகள், பஞ்சில் சுற்றி மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார். மூன்றிலும் உள்ளே ஊசிமுனை அளவுக்கு வெற்றிடம் தெரியும். என் கை அங்கே போயிருக்க முடியாது. தட்டு எண்ணும் சுமைக் கணக்கும் தனித்தாளில் தட்டச்சு செய்திருக்கிறேன். துண்டுகளையும் தாளையும் குழுவின் முன் வை. நீயே கண்டுபிடித்ததாகச் சொல். உன் பேச்சைக் கேட்பார்கள். உள்ளுறையைக் கழற்றச் சொல்வார்கள்.

வீட்டில் அவளிடம் சொல்லாதே. “கடைசியில அதையும் அவனுக்கே தூக்கிக் குடுத்தீங்களா” என்று கேட்பாள்.

தாளின் அடியில் என் பெயரை எழுதி, பிறகு அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டேன். பெயர் இருந்தால் பட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். இந்தக் கடிதமும் உன் மேஜையில் யார் கண்ணிலாவது படலாம். அதனால் மேலே உறவு சொல்லவில்லை. கீழேயும் கையெழுத்துப் போடாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.